பன்னிரண்டில் பதினொன்று

அந்தச் சீட்டுக்கட்டை உள்ளே வைத்துவிடுங்கள், தம்பி. நடத்துனர் பார்த்தால் பஸ்ஸில் சீட்டாடுகிறார்கள் என்று சத்தம் போடுவார். ஆடவில்லை, பழகுகிறோம் என்றால் அவருக்குப் புரியாது. எனக்குப் புரியும். கரூரில் ஏறியதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். ஒவ்வொரு சீட்டாகப் புரட்டி "மேல், கீழ்" என்று முணுமுணுக்கிறீர்கள். அடுத்த சீட்டு பெரிதா சிறிதா என்று சொல்ல வேண்டிய அந்த டிவி "மேலா கீழா" நிகழ்ச்சிக்குத்தானே போகிறீர்கள்? நாளைக்குப் படப்பிடிப்பா? ஜன்னலோரம் இருப்பது உங்கள் வீட்டுக்காரம்மாவா? தூங்கட்டும், எழுப்பாதீர்கள்.

என்னை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது, அப்படித்தானே? பார்த்திருப்பீர்கள். செல்போனில் ஒரு வீடியோ வந்தது. கோடு போட்ட சட்டைக்காரன் ஒருவன் எழுந்து நின்று, "போயிடுச்சு! டைமண்ட் மூணு அப்பவே போயிடுச்சு!" என்று கத்துவான். அதற்குப் பின்னால் யாரோ தவில் சத்தம் சேர்த்து அனுப்பினார்கள். அந்தச் சட்டைக்காரன் நான்தான். குழந்தைவேலு. எடை மேடையில் வேலை. லாரியை ஏற்றி நிறுத்தினால் எத்தனை டன் என்று எழுதிக் கொடுக்கிற ஆள். இப்போது லாரிக்காரர்கள்கூட, "அண்ணே, மூணு டன்னு போயிடுச்சா?" என்கிறார்கள். கேட்கட்டும்.

சிரிக்காதீர்கள், தம்பி. சரி, சிரியுங்கள். எனக்குப் பழகிவிட்டது.

சீட்டை எண்ணுவது இன்னும் செல்லுமா என்று கேட்கிறீர்கள். செல்லும். என்னைப் பார்த்துவிட்டு செல்லாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எண்ணுவது என்பது என்ன? ஐம்பத்திரண்டு சீட்டு. போனது எது என்று நினைவில் வைத்தால் இருப்பது எது என்று தெரியும். இதில் மந்திரமும் இல்லை, தந்திரமும் இல்லை. கிளப்பில் ரம்மி ஆடும்போது இரண்டு கட்டுச் சீட்டையே எண்ணியவன் நான். எதிரில் இருப்பவன் எதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்லிவிடுவேன். அப்புறம் அவர்களே, "குழந்தைவேலு, நீங்க வராதீங்க" என்று சொல்லிவிட்டார்கள். அது எனக்கு மரியாதைதான்.

செல்போன் ரம்மியில் மட்டும் எண்ண முடியாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அது புதிதாகக் கலைக்கிறது. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், எனக்குத் தெரிந்த ஒருவர் எட்டு மாதம் ஆடிப் பார்த்தார். அது வேறு கதை.

கொள்ளிடம் பாலம் வந்துவிட்டது. நான் பெரம்பலூர் நாலு ரோட்டில் இறங்க வேண்டும். அதற்குள் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பயன்படும்.

என் வீட்டுக்காரி பேர் வசந்தாமணி. கரூரில் ஒரு சந்துக்குள் தையல்கடை வைத்திருந்தாள். ஒரே அறை. இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை. பதினோரு வருடம். ரவிக்கை தைக்க பசுபதிபாளையத்திலிருந்தெல்லாம் அவளிடம் வருவார்கள். புடவையைக் கொண்டுவந்து போட்டால் போதும், நூற்றைம்பது நூல்கண்டில் இருந்து அதே நிறத்தைப் பார்க்காமலே எடுப்பாள் என்று சொல்வார்கள். பார்த்துத்தான் எடுப்பாள். ஆனால் ஒரு தரம்தான் பார்ப்பாள்.

சென்ற மாசியில் அறையின் சொந்தக்காரர் வந்தார். "அம்மிணி, நான் மகன்கிட்டப் போறேன். அறையை விக்கிறேன். ஆறு லட்சம். நீ எடுத்துக்கறதா இருந்தா ஆடி முடியிற வரைக்கும் வேற ஆளுகிட்டப் பேச மாட்டேன்" என்றார். வசந்தா நாலு லட்சம் சேர்த்து வைத்திருந்தாள். பேங்கில், என் பேரில். அந்தப் பணம் அப்போது பேங்கில் இல்லை. அதுவும் வேறு கதை. அவள் சத்தம் போடவில்லை, தம்பி. அன்றைக்குப் பூராவும் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே இருந்தாள். ஊக்கு வைக்க வேண்டிய ரவிக்கைக்கெல்லாம் காஜா எடுத்து வைத்துவிட்டு, அடுத்த நாள் அவளே பிரித்தாள்.

அப்போதுதான் இந்த நிகழ்ச்சிக்கு எழுதிப் போட்டேன். தம்பதியாக வர வேண்டும் என்றார்கள். ஒருவர் ஆடுபவர், ஒருவர் துணை. நான் சொன்னேன், "வசந்தா, இதுல ஒரே ஒரு கட்டுதான். என்னால முடியும். உன் அறையை நான் வாங்கித் தர்றேன்." அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். "ஆறு வந்தா நிறுத்திடுவீங்களா?" என்றாள். நிறுத்துவேன் என்றேன். சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை.

மூன்று மாதம் பழகினோம். கடையை அடைத்துவிட்டு வருவாள், நான் கட்டை எடுப்பேன். அவள் சீட்டைப் புரட்ட வேண்டும், நான் எண்ண வேண்டும். இதில் ஒரு தொந்தரவு என்னவென்றால், அவள் நடுவில் பேசிவிடுவாள். "பால் வாங்கினீங்களா?" என்பாள். எனக்கு எண்ணிக்கை போய்விடும். பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். தைக்கிறவர்கள் குண்டூசியை உதட்டில் கவ்விக்கொள்வார்கள் இல்லையா? அதேபோல நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு உட்காரச் சொன்னேன். வாயைத் திறக்க முடியாது. நன்றாக வேலை செய்தது.

மேடைக்கும் சொல்லிக் கொடுத்தேன். "பேசாதே. கையை அசைக்காதே. கண்ணைக்கூட அசைக்காதே. ஜாடை காட்டினதா நினைச்சா வெளியே அனுப்பிடுவாங்க. உன்கிட்ட ஏதாவது கேட்டா 'அவர் சொல்றதுதான்'னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாதே." அவள் ஊசியைக் கவ்விக்கொண்டே தலையாட்டினாள். அது தவறா? நீங்களே சொல்லுங்கள்.

படிவமா? ஆமாம், எங்களுக்கும் வந்தது. பன்னிரண்டு பக்கம், பொடி எழுத்து. வசந்தா, "என்ன எழுதியிருக்குன்னு பார்த்துட்டுப் போடலாங்க" என்றாள். எல்லாம் வழக்கமாக இருப்பதுதான் என்று கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டேன். கூரியர்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவரைக் காக்க வைக்கலாமா?

உள்ளே எப்படி இருக்கும் தெரியுமா? குளிர். பல் கிட்டிக்கும் அளவுக்குக் குளிர். ஆனால் முகத்துக்கு மேல் விளக்கு, அதனால் வியர்க்கும். கைதட்டுவதற்கென்று இருநூறு பேர். ஒரு ஆள் கையைத் தூக்கினால் தட்டுவார்கள், இறக்கினால் நிறுத்துவார்கள்.

முதல் சுற்றில் மூன்று ஜோடிகள். தேனிக்காரர்கள், கடலூர்க்காரர்கள், நாங்கள். முப்பத்து மூன்று சீட்டு அந்தச் சுற்றிலேயே போனது. மற்றவர்கள் தங்கள் முறை வரும்வரை தண்ணீர் குடித்தார்கள், கூட்டத்தைப் பார்த்துக் கையாட்டினார்கள். நான் எண்ணினேன். அவர்கள் புரட்டிய சீட்டையும் சேர்த்து எண்ணினேன். நாங்கள் ஜெயித்து இரண்டாம் சுற்றுக்குப் போனோம். அதே மேசை, அதே கட்டு. மீதி பத்தொன்பது. கலைக்கவில்லை. இதைக் கவனியுங்கள், தம்பி. கலைக்கவில்லை.

இரண்டாம் சுற்றில் ஒரு சரியான பதிலுக்கு ஒரு லட்சம். வரியை அவர்களே கட்டிவிடுவார்கள். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தி வாங்கிக்கொண்டு போகலாம். தவறிவிட்டால் ஒரு மிக்ஸி. முதல் சீட்டை வைத்தார்கள். மேல் என்றேன், மேல். கீழ் என்றேன், கீழ். மூன்று லட்சம். நான்கு. தொகுப்பாளர், "சார், நீங்க ஜோசியரா?" என்றார். கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சிரித்தால் எண்ணிக்கை போய்விடும். ஐந்து. ஆறு.

ஆறு லட்சம். மேசையில் இருந்தது ஐந்து. கிளாவர் ஐந்து. மிச்சம் பன்னிரண்டு சீட்டு.

அந்தப் பன்னிரண்டும் எனக்குக் கண்ணாடிக்குள் இருப்பது மாதிரித் தெரிந்தது, தம்பி. அங்கே ஆஸ் என்றால் ஒன்று, அது நாலும் போய்விட்டது. மூன்றில் நாலு சீட்டும் போய்விட்டது. நாலு, ஐந்து எல்லாம் போய்விட்டது. ஐந்துக்குக் கீழே ஒரே ஒரு சீட்டு பாக்கி, இஸ்பேட் இரண்டு. மற்ற பதினொன்றும் மேலே. பன்னிரண்டில் பதினொன்று! ஆறைத் தாண்டினால் அடுத்ததற்குப் பணம் இரட்டிப்பு. பன்னிரண்டு லட்சம். அறை மட்டுமா? பேங்கில் இருந்து போனது திரும்ப வந்துவிடும். ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிடும். உங்கள் வாழ்க்கையில் என்றைக்காவது பன்னிரண்டில் பதினொன்று கிடைத்திருக்கிறதா?

அந்த நேரம் பார்த்து தொகுப்பாளர், "ஒரு சின்ன இடைவேளை" என்றார். விளம்பரத்துக்கு. விளக்கைக் குறைத்தார்கள். ஒரு பெண் வந்து என் நெற்றியில் பவுடர் போட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எண்ணிக்கை கலையக் கூடாது இல்லையா? ஐந்து நிமிடம் கண்ணைத் திறக்கவே இல்லை. வசந்தா என் கை மேல் கையை வைத்தாள். நான் எடுத்துவிட்டேன். ஜாடை என்று நினைத்துவிட்டால்?

விளக்கு வந்தது. தொகுப்பாளர் என்னிடம் கேட்கவில்லை, நேரே அவளிடம் போனார். "அக்கா, ஆறு லட்சம் கையில இருக்கு. இவரு போகணுங்கிறாரு போலிருக்கு. நீங்க சொல்லுங்க. போகலாமா, நிறுத்தலாமா?" மைக்கை அவள் வாய்க்கு நேராகப் பிடித்தார். இருநூறு பேரும் அவளையே பார்த்தார்கள். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். மிரட்டவில்லை, தம்பி, சும்மாதான் பார்த்தேன். அவள் உதட்டை அழுத்தி வைத்திருந்தாள், ஊசி இருக்கிற மாதிரி. பிறகு சொன்னாள்: "அவர் சொல்றதுதான்."

நான் மேல் என்றேன்.

டைமண்ட் மூன்று.

அது தேனிக்காரர் புரட்டிய சீட்டு! எட்டாவது சீட்டு. போன சீட்டு எப்படித் திரும்பி வரும்? அதனால்தான் எழுந்து கத்தினேன். யார்தான் கத்த மாட்டார்கள்? தொகுப்பாளர் சிரித்துக்கொண்டே, "சார், ஒவ்வொரு இடைவேளைக்கு அப்புறமும் புதுக்கட்டு. நீங்க கையெழுத்துப் போட்ட படிவத்துல ஒன்பதாம் பக்கம்" என்றார். அதைத்தான் வீடியோவில் வெட்டிவிட்டார்கள். நான் கத்துவது மட்டும் இருக்கிறது.

சமயபுரம் தாண்டிவிட்டதா? இருக்கட்டும், நேரம் இருக்கிறது.

இனிமேல்தான் முக்கியம். மிக்ஸிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்புகிறோம். விழுப்புரம் தாண்டியது. அப்புறம் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "கட்டை மாத்துனது எனக்குத் தெரியும்ங்க."

எப்படி என்றேன்.

"முதுகு வேற. முன்னாடி இருந்தது அரக்கு. அப்புறம் வந்தது குங்குமக் கலரு. வெளக்கு வந்ததும் பார்த்தேன்."

அரக்கு, குங்குமம்! இரண்டும் சிவப்புதான், தம்பி. உங்களுக்கும் எனக்கும் சிவப்பு. அவளுக்கு வேறு வேறு. நான் சீட்டின் முகத்தைத்தான் பார்ப்பேன், முதுகைப் பார்க்க எனக்கு என்ன வேலை? "தெரிஞ்சும் ஏன்டி சொல்லலை?" என்று கேட்டேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள், "சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?" என்றாள். கேட்டிருப்பேனா மாட்டேனா என்பது பிறகு. சொல்லிப் பார்த்திருக்க வேண்டுமா இல்லையா? மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்துக் கேட்டார்கள், தம்பி! அப்போதும் "அவர் சொல்றதுதான்" என்றால்? அந்த வார்த்தையை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அதையேவா சொல்வது?

அதுதான் என் மனக்குறை. ஆறு லட்சம் போனதுகூட இல்லை.

ஆடியில் அறை கைமாறியது. இப்போது அங்கே செல்போன் கடை. வசந்தா ஒரு மெஷினை விற்றாள். இன்னொன்றை வேனில் ஏற்றிக்கொண்டு பெரம்பலூரில் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. துவைத்த சட்டையெல்லாம் பொத்தான் சரி பார்த்து மடித்து வைத்துவிட்டுப் போனாள். அவள் போய் நூற்றுப் பதினொரு நாள். வீட்டில் நான் இருப்பது எனக்கே கேட்கிறது.

முந்தாநாள் போன் செய்தாள். அவளாகவே. "ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு நாலு ரோட்டுக்கு வாங்க. நான் பெட்டியோட வந்து நிக்கிறேன். நீங்க இறங்கி முதல்ல என்ன பேசுறீங்கன்னு பார்த்துட்டு, கரூர் பஸ் ஏறுறதா வேண்டாமான்னு சொல்றேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

முதலில் என்ன பேசுவது? இரண்டு ராத்திரி யோசித்தேன். பேசினால் நான் தடுமாறிவிடுவேன், அவள் எதிரில் அழுதாலும் அழுதுவிடுவேன். அது நன்றாக இருக்காது. அதனால் பேச வேண்டாம், தாளைக் கையில் கொடுத்துவிடலாம் என்று எழுதிவிட்டேன். இதோ. நீங்கள் கொஞ்சம் சரி பாருங்கள், தம்பி. நீங்களும் கணக்குப் பார்க்கிற ஆள்தானே.

மேலே இருப்பது பழைய கட்டு. போன சீட்டு நாற்பது, அவை என்னென்ன என்று வரிசையாக இருக்கிறது. நினைவிலிருந்து எழுதியது, ஒன்றுகூடத் தவறாது. மிச்சம் பன்னிரண்டு. மேல் பதினொன்று, கீழ் ஒன்று. சரியா? கீழே இருப்பது புதுக்கட்டு. அதையும் விடவில்லை. ஐம்பத்திரண்டில் ஐந்துக்கு மேலே முப்பத்திரண்டு. பாதிக்கு மேல்! ஆக, கட்டை மாற்றியிருந்தாலும் மேல் என்று சொன்னதுதான் சரி. எப்படிப் பார்த்தாலும் சரி. இதைப் படித்த பிறகு எந்த மனுஷிக்குக் கோபம் இருக்கும்?

அட, அம்மணி எழுந்துவிட்டார்களா? நம் பேச்சுதான் எழுப்பிவிட்டது போலிருக்கிறது. முதலிலிருந்தே தூங்கவில்லையா? சரி சரி. கொடுங்கள் தம்பி, அவர்களும் பார்க்கட்டும். பி.காம் படித்தவர்களா? அப்படியென்றால் நல்லது. நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் அம்மணி, எங்கேயாவது தப்பு இருக்கிறதா?

கூட்டல் சரியாக இருக்கிறது இல்லையா? அதுதான் சொன்னேன்.

என்ன கேட்கிறீர்கள்? நிறுத்துவதா? நிறுத்துவது இதில் எங்கே இருக்கிறது என்றா?

அது கணக்கில் வராது அம்மணி. நிறுத்தினால் சீட்டே புரட்ட மாட்டார்கள். புரட்டாத சீட்டுக்கு எப்படிக் கணக்குப் போடுவது? மேல், கீழ், இரண்டுதான். ஆறு வந்தால் நிறுத்துகிறேன் என்று சொன்னேன்தான். ஆனால் அப்போது பன்னிரண்டில் பதினொன்று வரும் என்று எனக்குத் தெரியாதே.

தம்பி, உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லுங்கள். சீட்டு தெரியாதவர்களுக்கு இது விளங்காது. நாளைக்கு அங்கே போய் இப்படி நடுவில் கேள்வி கேட்டால் உங்கள் எண்ணிக்கை என்ன ஆகும்? என்ன தம்பி, அந்தப் பக்கம் திரும்பி என்ன தேடுகிறீர்கள்? படிவமா? அதை இப்போது எதற்கு எடுக்கிறீர்கள்? பன்னிரண்டு பக்கம் அது, பஸ்ஸில் படித்தால் கண் வலிக்கும்.

நாலு ரோடு! நாலு ரோடு இறங்கணும்! கொஞ்சம் நிறுத்துங்கள், பின்னால் பை இருக்கிறது. ஒரு நிமிடம்.

தம்பி, அங்கே பாருங்கள். டீக்கடைக்குப் பக்கத்தில். பச்சைப் புடவை. அதுதான் வசந்தா. பெட்டியோடு நிற்கிறாள். பார்த்தீர்களா? கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒவ்வொரு ஜன்னலாகப் பார்க்கிறாள். இளைத்துவிட்டாள்.

வருகிறேன், தம்பி. அந்தத் தாளைக் கொடுங்கள் அம்மணி. முதலில் அதைத்தான் கையில் கொடுக்க வேண்டும்.

கொடுக்காமல் போங்கள் என்றால்? கொடுக்காமல் போய் நான் என்ன பேசுவேன்? என்னிடம் வேறு ஒன்றும் இல்லையே.

நடத்துனர் விசில் ஊதுகிறார். அவள் பார்த்துவிட்டாள், இந்தப் பக்கம்தான் வருகிறாள். விடுங்கள் அம்மணி, கிழிந்துவிடும். ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறீர்கள்? விடுங்கள்.